பெட்டி நம்முடையது, சாவி யாருடையது?

உழைப்பாளி வீட்டுக்குள்ளும் வைஃபை பெட்டி வந்துவிட்டது. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பிள்ளையின் பரீட்சை முடிவு பார்ப்பது, பாங்கியில் கூலி ஏறியதா என்று பார்ப்பது, எல்லாமே இன்று அந்த வழியாகத்தான். கரண்டும் குழாய்த் தண்ணீரும் போல இதுவும் வீட்டுக்கு வேண்டிய சாமானாகிவிட்டது. இதை ஆடம்பரம் என்று எவரும் சொல்ல முடியாது.

ரவுட்டர் என்கிற அந்தப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்குகிறவர் தொழிலாளி. ஆனால் அதற்குள்ளே உட்கார்ந்து அதை ஆட்டிவைக்கும் மென்பொருள் யார் கையில் இருக்கிறது? ஃபர்ம்வேர் என்று அதைச் சொல்கிறார்கள். அது கம்பெனி கையில் இருக்கிறது! அதில் ஓர் ஓட்டை தெரிந்தால் கம்பெனி மனது வைத்தால்தான் அடைபடும். புது மாடல் சந்தைக்கு வந்ததும் பழைய மாடலைக் கம்பெனி கைகழுவிவிடுகிறது. பெட்டி நன்றாக ஓடும், விளக்கு எரியும், ஆனால் ஓட்டை ஓட்டையாகவே கிடக்கும். “புதிதாக ஒன்று வாங்கிக்கொள்” என்பதுதான் முதலாளி தரும் பதில்.

மில் தோழர்களுக்கு இதன் அநியாயம் உடனே விளங்கும். ரிங் ஃபிரேமில் ஒரு ஸ்பிண்டில் தகராறு செய்தால் ஃபிட்டர் திறந்து பார்த்துச் சரிசெய்கிறார். “மிஷினை விற்றவன்தான் திறக்கலாம், அவனோ வரமாட்டான், ஆகவே மிஷினையே மாற்று” என்று சொன்னால் எந்த ஃபிட்டர் ஒப்புக்கொள்வார்?

ஓட்டை கிடந்தால் நமக்கென்ன நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 2018 மே மாதம் வி.பி.என். ஃபில்டர் என்ற நச்சு மென்பொருள் வெளிச்சத்துக்கு வந்தது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் அது புகுந்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள். அந்த வழியே போகும் தகவலை அது ஒட்டுக்கேட்டது. கட்டளை கிடைத்தால் பெட்டியையே சாகடிக்கவும் அதனால் முடிந்தது. வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. திருடன் கொல்லைப்புறமாக வந்து குடியிருந்தான்!

இதற்கு மாற்று உண்டா? உண்டு. முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்த மாற்று அல்ல அது. அதன் சரித்திரத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2002 கடைசியில் அமெரிக்காவில் லின்க்சிஸ் கம்பெனி டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் இருந்தது லினக்ஸ். உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் கூடி எழுதிய பொதுச்சொத்து அது. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்கு விநியோகித்தால் அதன் மூலக் குறியீட்டையும் கொடுத்தாக வேண்டும். ஜி.பி.எல். என்னும் அந்த உரிமத்தின் நிபந்தனை இது. கம்பெனியோ பொதுச்சொத்தை எடுத்துப் பெட்டியில் அடைத்துப் பூட்டி விற்றது. விஷயம் தெரிந்த புரோகிராமர்கள் 2003-ல் இதை அம்பலப்படுத்தினார்கள். நெருக்குதல் வலுத்தது. கம்பெனி பணிந்து, மூலக் குறியீட்டை வெளியிட்டது. அந்த வெற்றியின் மீது 2004-ல் ஓபன்டபிள்யூஆர்டி என்ற கூட்டுமுயற்சி தொடங்கியது. இன்று பல கம்பெனிகளின் நூற்றுக்கணக்கான மாடல்களில் அந்த மென்பொருள் ஓடுகிறது. விலை கிடையாது.

கங்கைகொண்டான் வட்டாரத்து மக்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. இங்கே சிப்காட்டில் குளிர்பான ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொடுக்கக் கூடாது என்று 2005-லேயே போராட்டம் எழுந்தது. ஆறு எல்லோருக்கும் பொது. பாட்டிலில் அடைத்ததும் அது கம்பெனிச் சரக்கு. பொதுவில் பிறந்ததைப் பூட்டி விற்பதுதான் மூலதனத்தின் சுபாவம். சரக்கு தண்ணீரானால் என்ன, மென்பொருளானால் என்ன?

பூட்டுப் போடும் முயற்சி அத்தோடு நிற்கவில்லை. ரேடியோ அலை விதிகளைக் காரணம் காட்டி, அமெரிக்காவில் சில கம்பெனிகள் வெளியார் மென்பொருளை ஏற்றவே முடியாதபடி பெட்டிகளை அடைத்தன. அலைவீச்சு அளவை மீறிய விவகாரத்தில் 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் கம்பெனி 2 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த உடன்பாட்டிலேயே, வெளியார் மென்பொருளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டது. எதிர்ப்புக் குரல் எழுந்ததால் கிடைத்த பலன் இது.

“கூலி உயர்வுக்கும் வேலைப் பாதுகாப்புக்கும் போராட வேண்டிய நேரத்தில் ரவுட்டர் விவகாரம் எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கூலிப் போராட்டம்தான் முதன்மை. அதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் வாங்கிய கூலியில் ஒரு பகுதியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பெட்டியாகப் பிடுங்கிக்கொள்வதும் சுரண்டல் அல்லவா? சங்கத்துச் செய்தியும், வீட்டுக் கணக்கும், பிள்ளைகளின் படிப்பும் ஓடுகிற வழியில் அந்நியன் ஒட்டுக்கேட்பது நமக்கு அற்ப விஷயமா?

இனி, செய்யும் முறை. இதில் அவசரம் கூடாது.

பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கும். ஒரே பெயரில் முதல் பதிப்புக்கு உள்ளே ஒரு சில்லு, இரண்டாம் பதிப்புக்கு வேறு சில்லு! தவறான கோப்பை ஏற்றினால் பெட்டி செத்துப்போகும். ஓபன்டபிள்யூஆர்டி வெளியிடும் கருவிப் பட்டியலில் அந்த மாடலும் பதிப்பும் இருந்தால் மட்டுமே கை வைக்க வேண்டும். கோப்பை அங்கிருந்தே எடுத்து, சரிபார்ப்பு எண்ணை ஒத்துப்பார்க்க வேண்டும். ஏற்றும்போது கரண்டு போகக் கூடாது. ஏற்றி முடிந்ததும் ஒயர் வழியாக இணைத்து, முதல் வேலையாகக் கடவுச்சொல் வைக்க வேண்டும். தேசம் என்ற இடத்தில் இந்தியா என்று குறித்தால் அலைவீச்சு நம் நாட்டுச் சட்டத்துக்குள் நிற்கும்.

இரண்டு வரம்புகளையும் சொல்லிவிட வேண்டும். 8 மெகாபைட் சேமிப்பும் 64 மெகாபைட் ராமும் இல்லாத பழைய பெட்டிகளுக்கு இன்றைய பதிப்புகள் பொருந்தா. ஃபைபர் இணைப்போடு கம்பெனி மாட்டிவிட்டுப் போகும் பெட்டியில் பெரும்பாலும் இதை ஏற்ற முடியாது. அதை அப்படியே விட்டுவிட்டு, அதன் பின்னால் நமது சொந்த ரவுட்டரை ஒயரில் இணைத்துக்கொள்ளலாம்.

ஏற்றிவிட்டதோடு வேலை தீர்ந்ததா? இல்லை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சிற்றாற்றுப் பாசனத்து விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலை ஒருமுறை வெட்டினால் போதுமா? வருஷா வருஷம் தூர் வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகுமா? வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தால்தான் குடிமராமத்து. இந்த மென்பொருளும் அப்படியே. புதிய ஓட்டைகள் தெரியத் தெரிய, திருத்திய பதிப்புகள் வருகின்றன. பழைய வரிசைக்குச் சில காலத்தில் பராமரிப்பு நின்றுவிடும். பெட்டி தானாக மாறிக்கொள்ளாது. நாம்தான் பார்த்து மாற்ற வேண்டும். மாற்றும் முன்பு அமைப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, உதிரி உதிரியாக அல்லாமல் முழுப் பதிப்பையே ஏற்றுவதுதான் சரியான முறை.

பொதுவில் செய்ததால் குற்றமே இராது என்று நாம் சொல்லவில்லை. புதுப் பதிப்புகளைத் தயாரித்துக் கொடுக்கும் ஓபன்டபிள்யூஆர்டியின் சர்வரிலேயே 2024 டிசம்பரில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. தகவல் கிடைத்த சில மணி நேரத்தில் அதை அடைத்தார்கள். விஷயத்தை மூடிமறைக்காமல் அறிவித்து, பதிப்புகளை மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தார்கள். இதுவே வித்தியாசம். பலர் கண்ணுக்குத் திறந்திருக்கும் வீட்டில் பாம்பு நுழைந்தால் எவராவது கூவுவார்கள்.

கூட்டாகச் செய்தால் என்ன முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு. ஜெர்மனியில் ஃபிரைஃபுங்க் என்ற தொண்டர் இயக்கம் இதே மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு ஊர் ஊராக வலைப்பின்னல் கட்டியது. 2015-ல் போரிலிருந்து தப்பிவந்த அகதிகளின் முகாம்களுக்கு அவர்கள் இணையம் கொடுத்தார்கள். நம் நாட்டில் இமயமலை அடிவாரத்துத் தர்மசாலாவில், வெட்டவெளி வைஃபைக்குத் தடை நீங்கிய 2005-லேயே, 8 வளாகங்களை இணைத்து ஒரு சமூக வலை எழுந்தது.

அங்கே முடிந்தது நம் வட்டாரத்தில் முடியாதா? கங்கைகொண்டானில் எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்காவே இருக்கிறது. ஐ.டி.ஐ.யும் டிப்ளமாவும் முடித்த நம் வீட்டுப் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் உட்காரட்டும். தெருவிலுள்ள பெட்டிகளின் மாடலையும் பதிப்பையும் ஒரு நோட்டில் எழுதட்டும். முடிந்த பெட்டிக்கு மென்பொருள் மாற்றட்டும். முடியாததற்குக் கடவுச்சொல்லாவது மாற்றட்டும்.

ஆனால் தொண்டர் உழைப்பு ஒன்றே போதாது. பொறுப்பைக் கம்பெனியும் சர்க்காரும் ஏற்க வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்று கம்பெனி அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். ஆகவே நாம் கோருகிறோம்:

1. எத்தனை வருஷம் திருத்தம் தரப்படும் என்பதைப் பெட்டியின் மீதே அச்சிட வேண்டும்.

2. கம்பெனி கைவிடும் நாளில் பூட்டைத் திறந்து, வேறு மென்பொருள் ஏற்ற வழிவிட வேண்டும்.

3. பள்ளிகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் பொதுப் பணத்தில் வாங்கும் ரவுட்டர்கள் திறந்த மென்பொருள் ஏற்கும் ரவுட்டர்களாகவே இருக்க வேண்டும்.

தோழர்களே! காசு நம்முடையது; பெட்டி நம்முடையது; உள்ளிருக்கும் லினக்ஸ் உலகத்து உழைப்பாளிகள் கூடிச் செய்தது. சாவி மட்டும் ஏன் முதலாளியிடம் இருக்க வேண்டும்? கோரிக்கைகளைச் சங்கக் கூட்டத்தில் வையுங்கள். கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அதுவரை, வீட்டுப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டை இன்றே படித்துக் குறித்துவையுங்கள்.