மூடின வாய்க்கு டானிக் எதுக்கு?

போன வாரம் உரக்கடையில ஒரு வாக்குவாதம். "அண்ணே, பயிர் வெளிறுதுன்னா சத்துக் குறைச்சல்தான். யூரியாவோட இந்த டானிக்கையும் சேர்த்து அடிங்க, நாலு நாள்ல நிமிர்ந்துரும்" என்கிறார் கடைக்காரத் தம்பி. மழை பெய்து இருபத்தஞ்சு நாளாச்சு. கண்மாய் வறண்டு, வயல் வெடிச்சுக் கிடக்கு. எதைக் குடிச்சு நிமிரும்?

நான் பத்தாவதோட நின்னவன். மகளோட பதினோராம் வகுப்பு தாவரவியல் புத்தகத்தைப் படிச்சுத்தான் எனக்கே விளங்குச்சு.

இலையில கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு. அது வழியாத்தான் கரியமில வாயு உள்ளே வருது, தண்ணி ஆவியா வெளியே போகுது. வேருக்கு ஈரம் கிடைக்கலைன்னா பயிர் துளையை மூடிக்கிடும். மத்தியானம் நெல்லிலை ஊசியாச் சுருளுறதும் தண்ணியை மிச்சம் பிடிக்கத்தான். ஆனா வாயை மூடினா சாப்பாடும் நின்னுரும்.

அதோட முடியலை. கரியமில வாயுவைப் பிடிச்சு உணவாக்குற வேலையைத் தொடங்கி வைக்கிறது ரூபிஸ்கோ என்கிற நொதி. இலைக்குள்ள கரியமில வாயு குறைஞ்சா, அது ஆக்சிஜனைப் பிடிச்சுக்கும். வெயில் ஏற ஏற இந்தத் தப்பும் ஏறும். அதைச் சரிக்கட்ட, பயிர் முன்னாடி சேர்த்ததுல ஒரு பங்கை மறுபடி காத்துல விடணும். இதுக்குப் பேர் ஒளிச்சுவாசம். சம்பாதிச்சதை வட்டிக்குக் கட்டுற பொழப்பு. நமக்குத் தெரியாததா?

இப்ப வரப்பைப் பாருங்க. அதே வெயில்தான், அருகம்புல் பச்சையா நிக்குது. மண்ணுக்குள்ள ஓடுற தண்டு ஒரு காரணம். இன்னொண்ணு இலைக்குள்ள இருக்கு. அருகு, சோளம், கம்பு, குதிரைவாலி எல்லாம் நெல் மாதிரி புல் சாதிதான். ஆனா இதுக கரியமில வாயுவை வேற ஒரு நொதியால பிடிச்சு, நரம்பைச் சுத்தின அறைக்குள்ள திணிச்சு, அங்கதான் ரூபிஸ்கோவுக்குக் கொடுக்கும். துளை பாதி மூடினாலும் வேலை நடக்கும், ஒளிச்சுவாச நட்டமும் ரொம்பக் குறைவு. கரும்பும் இந்த வகைதான். 1966-லயே ஆஸ்திரேலியாவுல ஹேட்ச், ஸ்லாக் என்ற ரெண்டு பேர் கரும்பிலையை வச்சு இதை விளக்கிட்டாங்க.

சோளம் சாகாதுன்னு நான் சொல்லலை. வறட்சி முத்தினா அதுவும் கருகும். ஆனா நெல்லை விட நாலு நாள் கூடத் தாங்கும். வானம் பார்த்த ராமநாதபுரத்துல அந்த நாலு நாளுக்குள்ள ஒரு மழை விழுந்தா பிழைச்சோம்.

2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சப்போ மூணு ஏக்கரும் நெல்லுதான் புழுதியில விதைச்சிருந்தேன். வந்த கொஞ்சக் கருதும் சாவி. வைக்கோலும் தேறலை, உழவு மாட்டை வித்தேன். 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சின்னு அறிவிச்சாங்க. என் மாடு திரும்பி வரலை.

"சோளம் போட்டா எவன் வாங்குவான்?"னு பக்கத்து வயல் மாமா கேக்குறார். நியாயமான கேள்வி. நெல்லுன்னா கொள்முதல் நிலையத்துல போடலாம், ரேஷன்லயும் அரிசிதான். 2023-ஐச் சிறுதானிய ஆண்டுன்னு ஐ.நா. அறிவிச்சப்போ மேடைக்கு மேடை கம்பங்கூழ் குடிச்சாங்களே, அந்தக் கம்பை எங்க ஊர்ல வந்து எடை போட்டு எடுக்க யாராவது வந்தாங்களா? மேட்டு நிலத்துக்காரனையும் நெல்லுலயே கட்டிப் போட்டுட்டு, காயும்போது டானிக் விக்கிறது என்ன நியாயம்?

அடுத்த புரட்டாசியில மேட்டுச் செய் ரெண்டு ஏக்கர் குதிரைவாலிதான். கண்மாய்த் தண்ணி பாயுற ஒரு ஏக்கர் மட்டும் நெல். டானிக் காசுக்கு விதை வாங்கிக்கிறேன்.