இந்தப் பிறந்தநாளுக்கு ஒரு பிளெக்ஸ் குறையட்டும், நம்ம மலை சோலைமந்திக்குச் சாப்பாடு போகட்டும்



தலைவர் பிறந்தநாள் நெருங்கிருச்சு. வாட்ஸ்அப் குழுக்கள்ல டிசைன் கேட்டு மெசேஜ் வர ஆரம்பிச்சாச்சு. பத்துக்கு இருபதுல ஒண்ணு, எட்டுக்கு பத்துல நாலு, அதுல ஒன்றியம் படம் எந்தப் பக்கம், கிளை படம் எந்தப் பக்கம்னு ஒரு பஞ்சாயத்து. டிசைன் பண்ணித் தர்றது எங்க வேலை, தந்துடுறோம். ஆனா இந்த வருஷம் ஐ.டி. விங் சார்பா ஒரு கோரிக்கை. ஒவ்வொரு கிளையும் அடிக்கப் போற பிளெக்ஸ்ல ஒண்ணே ஒண்ணைக் குறைச்சு, அந்தக் காசை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவோட விலங்கு தத்தெடுப்புத் திட்டத்துக்குக் கட்டுங்க.

"கம்பத்துக்கும் வண்டலூருக்கும் என்னப்பா சம்பந்தம்?"னு கேப்பீங்க. சம்பந்தம் இருக்கு. அதோட பேரு சோலைமந்தி. சிங்கவால் குரங்குன்னும் சொல்வாங்க. உடம்பு முழுக்கக் கருப்பு, முகத்தைச் சுத்தி நரைச்ச பிடரி, வால் நுனியில சிங்கத்துக்கு இருக்கிற மாதிரி ஒரு குஞ்சம். சுருளியில நம்ம கையில இருக்கிற பொட்டலத்தைப் பிடுங்கிட்டு ஓடுதே, அந்த நாட்டுக்குரங்கு இல்லை இது. உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் இருக்கு. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, அவ்வளவுதான். அதுல ஒரு இடம் நம்ம மேகமலை. சின்னமனூர்ல நின்னு நிமிர்ந்து பார்த்தா தெரியுதே, அந்த மலைதான்.

சோலைமந்தி பெரும்பாலும் மரத்து உச்சியிலேயே வாழ்ந்து முடிச்சிடும். பழம், பூச்சி எல்லாம் மேலேயே கிடைக்கும். தரைக்கு இறங்குறது குறைவு. அதனால சோலைக்காடு துண்டு துண்டா ஆச்சுன்னா, நடுவுல தேயிலைத் தோட்டம், ரோடுன்னு வந்துச்சுன்னா, ஒரு கூட்டம் அந்தத் துண்டுக்குள்ளேயே மாட்டிக்கும். அழியும் ஆபத்துல இருக்கிற விலங்குப் பட்டியல்ல இதுவும் ஒண்ணு. இப்படிப்பட்ட விலங்குகளைப் பூங்காவுல வெச்சு இனப்பெருக்கம் பண்ணிப் பாதுகாக்க மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஒரு திட்டம் நடத்துது. அதுல சோலைமந்திக்கு முக்கியமான பூங்கா வண்டலூர். மலையில என்ன ஆனாலும் இந்த இனம் அத்துப் போயிடக் கூடாதுன்னு ஒரு காப்பு. நம்ம லேப்டாப்புல இருக்கிறதை இன்னொரு இடத்துலயும் காப்பி எடுத்து வைப்போம்ல, அது மாதிரின்னு வெச்சுக்கோங்க. என்ன, இந்தக் காப்பிக்குத் தினமும் பழமும் காய்கறியும் வாங்கணும், மருத்துவர் வேணும், கூண்டு கழுவ ஆள் வேணும்.

தத்தெடுப்புன்னதும் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுன்னு நினைச்சுடாதீங்க. விலங்கு அங்கேயேதான் இருக்கும். அதோட தீனிக்கும் பராமரிப்புக்கும் ஆகுற செலவை, குறிப்பிட்ட காலத்துக்கு நாம ஏத்துக்கிறோம். யானைக்கு ஒரு தொகை, புலிக்கு ஒரு தொகை, குரங்குக்கு, பறவைக்குக் குறைவான தொகைன்னு பூங்கா இணையதளத்துலயே போட்டிருக்காங்க. நன்கொடைக்கு 80ஜி பிரிவுல வருமான வரிச் சலுகையும் உண்டு. நடிகர் சிவகார்த்திகேயன் அனுங்கிற வெள்ளைப்புலியைத் தத்தெடுத்தப்போ எல்லாரும் ஷேர் பண்ணோம். அதைப் பார்த்து இது நடிகருக்கும் முதலாளிக்கும் உள்ள சமாச்சாரம்னு நினைச்சுக்கிட்டோம். அப்படி இல்லை. புலி எடுக்கணும்னு யாரும் சொல்லலை. ஒரு கிளையில நாப்பது பேர், ஆளுக்கு அம்பது ரூபாய் போட்டா ரெண்டாயிரம். இருபது கிளை சேர்ந்தா நாப்பதாயிரம். டீக்கடைக் கணக்குதான் இது.

இந்தக் காசு உண்மையிலேயே தேவையான்னு கேக்குறவங்க கொரோனா காலத்தை நினைச்சுப் பாருங்க. 2020 மார்ச்ல பூங்காவைப் பூட்டினாங்க. டிக்கெட் வருமானம் நின்னுச்சு. சிங்கம் சாப்பிடுறது நிக்குமா? 2021 ஜூன்ல அதே வண்டலூர்ல சிங்கங்களுக்கே கொரோனா வந்துச்சு. நீலான்னு ஒரு பெண் சிங்கம், அடுத்த சில நாள்ல பத்மநாதன்னு ஒரு ஆண் சிங்கம், ரெண்டும் போயிருச்சு. அப்போ நாம எல்லாரும் ஸ்டேட்டஸ்ல அழுதோம். வருத்தம் நிஜம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா நல்லா இருக்கிற காலத்துல கொஞ்சம் கொஞ்சமா போட்டு வைக்கிற காசுதான் அந்த மாதிரி நேரத்துல தாங்கும்.

"அரசாங்கப் பூங்காதானே, அரசு பார்த்துக்கும்"னு ஒரு அண்ணன் சொன்னாரு. அரசு பார்க்கத்தான் செய்யணும், அதுல மாத்துக் கருத்து இல்லை. அரசு ஆஸ்பத்திரிக்கும் நாமதானே ரத்த தானம் முகாம் நடத்துறோம்? அரசுப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் குடுக்கிறோம்ல? அதே கணக்கு.

இதைவிடக் கடுமையா ஒரு கேள்வி வரும், வரணும். திராட்சைக்கு விலை இல்லை, முல்லைப் பெரியாறு தண்ணிக்கே ஒவ்வொரு வருஷமும் பதட்டம், இதுல குரங்குக்குக் காசா? அதனாலதான் பிளெக்ஸ் காசை மட்டும் கேக்குறோம். அன்னதானத்துல ஒரு இலை குறைய வேணாம். ரத்த தானம், மருத்துவ முகாம் எதுலயும் கை வைக்க வேணாம். இன்னொண்ணு, வைகை பிறக்கிறதே வருசநாட்டு, மேகமலைக் காட்டுலதான். காடு வேற, வயல் வேறன்னு சென்னையில இருக்கிறவங்க வேணா பேசலாம். ஜனவரி 15 ஆச்சுன்னா பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிற ஊர்க்காரங்க நாம, நமக்கு அது தெரியும்.

பிளெக்ஸைப் பத்திப் பேசினா சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். 2019 செப்டம்பர்ல சென்னை பள்ளிக்கரணையில பேனர் சரிஞ்சு விழுந்து, வண்டியில போன ஒரு இருபத்து மூணு வயசுப் பொண்ணு லாரியில சிக்கி இறந்தாங்க. என்னை மாதிரி இன்ஜினியரிங் படிச்சவங்கதான். அன்னிக்கு எல்லாக் கட்சியும் இனி பேனர் வைக்க மாட்டோம்னு அறிக்கை விட்டுச்சு. இன்னிக்கு தேனி நேரு சிலையில இருந்து கம்பம் வரைக்கும் ஒரு தடவை பைக்ல போய்ப் பாருங்க. எல்லாக் கொடியும் இருக்கு, நம்ம கொடியும் இருக்கு. மூணு நாள் கழிச்சு அந்தப் பிளெக்ஸ் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாப் போகுது, இல்லேன்னா ஓடையில கிடக்குது. பிறந்தநாள் முடிஞ்சும் மாசக்கணக்குல தலைவர் பேரைச் சொல்ற மாதிரி ஒண்ணு பண்ணலாமேன்னுதான் கேக்குறேன்.

இனி காசு விஷயம். இதுல ரொம்பக் கறாரா இருக்கணும். யாரும் சொந்த ஜிபே நம்பரைப் போட்டு "பூங்கா நிதி"ன்னு வசூல் பண்ணக் கூடாது. கிளைக்குள்ள சேர்க்கிற காசை யார் யார் எவ்வளவுன்னு எழுதி, அன்னிக்கே பூங்காவோட அதிகாரப்பூர்வ இணையதளம் வழியாக் கட்டி, ரசீதை அந்தக் குழுவுலயே போட்டுடணும். ரசீதை முதல்ல போடுற கிளைக்கு டிசைன் முதல்ல வரும், இது லஞ்சம்தான், வெளிப்படையாவே சொல்றேன்! ஒரு கிளைக்கு முடியலைன்னா மூணு கிளை சேர்ந்து பண்ணுங்க. எதைத் தத்தெடுக்கிறதுன்னு கேட்டா, சோலைமந்தி பட்டியல்ல இருந்தா அதுக்கே முதலிடம். இல்லேன்னா உங்க காசுக்கு எது கட்டுப்படியாகுதோ அது. ஒரு மயிலோ கிளியோ ஆனாலும் சந்தோஷம்தான்.

ஒரு ரூபாய்கூடப் போட முடியாத தோழர்களும் இருக்காங்க. காலேஜ் முடிச்சு வேலை தேடிக்கிட்டு இருக்கிற தம்பிகளுக்கு அம்பது ரூபாயும் காசுதான். அவங்களுக்கும் வேலை இருக்கு, அதுதான் எனக்கு இதைவிடப் பெருசாப் படுது. நம்ம ஊர்ல எத்தனை வீட்டுத் திண்ணையில கூண்டுல பச்சைக்கிளி தொங்குது? எத்தனை வீட்டுல "அதிர்ஷ்டம்"னு நட்சத்திர ஆமை வெச்சிருக்காங்க? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ரெண்டுமே குத்தம். பல பேருக்கு அது தெரியவே தெரியாது. வளர்க்கிறவங்க கெட்டவங்க இல்லை, பாசமாத்தான் வளர்க்கிறாங்க. அதனால மிரட்ட வேணாம், வீடியோ எடுத்துப் போட வேணாம். பக்கத்துல உக்காந்து எடுத்துச் சொல்லி, வனத்துறைக்கிட்ட ஒப்படைக்க வைங்க. பறக்கவே மறந்துபோன கிளியைச் சும்மா திறந்து விட்டா பூனைக்குத்தான் போகும். ஊருக்குள்ள வாங்குறது குறைஞ்சா பிடிக்கிறதும் குறையும். பறிமுதல் ஆகி, காயத்தோட கூண்டுக்குப் போய்ச் சேர்றதும் குறையும். பூங்காவுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது, செலவும் இல்லை.

தோட்டத்துக் கிணத்துல மரநாயோ பாம்போ விழுந்து கிடந்தாலும் அப்படித்தான். கம்பை எடுக்காம வனத்துறைக்கு ஒரு போன் பண்ணுங்க.

நடுவுல ஒரு பேச்சு ஓடுது, தேர்தல் வந்தா இன்னும் ஓடும்: "தேனிக்கு ஒரு மிருகக்காட்சி சாலை வேணும்". என் கருத்து, வேணாம். கோவை வ.உ.சி. பூங்காவைப் பாருங்க. நகரத்துக்கு நடுவுல சில ஏக்கர்ல இருந்துச்சு. போதுமான இடவசதி இல்லைன்னு 2022-ல மத்திய ஆணையம் அங்கீகாரத்தையே ரத்து பண்ணிருச்சு. வண்டலூர் சுமார் 1,500 ஏக்கர். 1855-ல சென்னை அருங்காட்சியக வளாகத்துல ஆரம்பிச்சு, அப்புறம் பூங்கா நகர்ல நெருக்கடியில இருந்து, கடைசியில 1985-லதான் வண்டலூர்ல திறந்தாங்க. ஒழுங்கான பூங்காவுக்கு அவ்வளவு இடமும் காலமும் ஆகும். நமக்கு 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்திருக்கு, நாட்டோட 51-வது. கூண்டே இல்லாம யானையும் புலியும் நம்ம தலைமாட்டுல இருக்கு. இருக்கிறதைக் கெடுக்காம இருந்தாலே போதும்.

கெடுத்தோமான்னு கேட்டா, 2023 மே மாசம் அரிக்கொம்பன் கம்பம் ஊருக்குள்ள வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஊரே பயந்து கிடந்துச்சு, காயம்பட்டு ஒருத்தர் உயிரும் போச்சு. அந்த நேரத்துல ஒருத்தர் வீடியோவுக்காக ட்ரோன் பறக்க விட்டு, நின்னுக்கிட்டு இருந்த யானை மிரண்டு ஓடிச்சு. லைக்குக்காக யானையை மிரட்டுறதும், பூங்காவுல தூங்குற புலி மேல கல்லு விடுறதும் ஒரே புத்திதான். பூங்கா விலங்கைச் சீண்டுறது, தீனி போடுறது, கத்துறது, குப்பை போடுறது எல்லாத்தையும் அதே 1972 சட்டம் தடுக்குது. போடிமெட்டு வளைவுல வண்டியை நிறுத்தி குரங்குக்கு சிப்ஸ் போடுற நம்ம ஆளுங்களும் இதைக் கொஞ்சம் படிங்க.

மாநாடு, நேர்காணல், ஆஸ்பத்திரின்னு சென்னை போற தோழர்களுக்கு ஒரு தகவல். இப்போ நம்ம பஸ் நிக்கிற கிளாம்பாக்கத்துல இருந்து பூங்கா ரொம்பப் பக்கம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மத்த நாள்ல போங்க. டிக்கெட் எடுத்துட்டுப் போங்க, அந்தக் காசும் அதுங்களுக்குத்தான். பிள்ளைங்களுக்கு சோலைமந்தியைக் காட்டி "இது நம்ம மலைக்காரன்"னு சொல்லுங்க. கட்சித் துண்டு மட்டும் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

— தகவல் தொழில்நுட்ப அணி, தேனி மாவட்டம்