துரை பங்களாவில் தலைமைத்துவ வகுப்பு

சென்ற வாரம் கொழும்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் பெரிய கம்பனியொன்றின் மனிதவள முகாமையாளர். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆசிரியபீடத்தில் சில மாதங்கள் பயிற்சி பெற்றுவிட்டு, "இதில் சோறு கிடைக்காது ஐயா" என்று விடைபெற்றுப் போனவர். கெட்டிக்காரர். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய தாயார் ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர். தமது கம்பனியின் உயரதிகாரிகள் இருபத்தைந்து பேருக்குக் கொத்மலையில் மூன்று நாள் தலைமைத்துவ வதிவிடப் பயிற்சி ஒழுங்கு செய்வதாகவும், நிகழ்ச்சித் திட்டத்தை நான் ஒருமுறை பார்த்துத் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

பார்த்தேன். சிவப்புப் பேனாவையும் எடுத்தேன். பழக்க தோஷம்.

முதலாவது வெட்டு, திகதியில். நவம்பர் இறுதி வாரம் என்றிருந்தது. அப்போது அறைக் கட்டணம் குறைவாம். குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒக்டோபர், நவம்பர் என்பது மலை ஈரத்தில் ஊறி நிற்கும் காலம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போனது அந்தப் பருவத்தில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் உயிர்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் மண்சரிவு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை கடந்தால் விழிப்பாயிருங்கள், 100 கடந்தால் வெளியேறத் தயாராகுங்கள், 150 கடந்தால் வெளியேறுங்கள் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. நிகழ்ச்சித் திட்டத்தில் தீமூட்டத்துக்கு விறகு யார் கொண்டுவருவது என்பது வரை எழுதப்பட்டிருந்தது. மழை 150ஐத் தாண்டினால் இருபத்தைந்து பேரும் எந்தப் பாதையால் இறங்குவது என்பது எழுதப்படவில்லை. தலைமைத்துவப் பயிற்சி என்றால் அதுவல்லவா முதற் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்! ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள் என்று ஓரத்தில் எழுதினேன். ஏப்ரலும் வேண்டாம், வசந்த காலக் கூட்டத்தில் றம்பொடையைக் கடப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

இரண்டாவது வெட்டு, பயண நேரத்தில். ஒரு வேலைநாளை மிச்சப்படுத்த இரவு பதினொரு மணிக்குக் கொழும்பிலிருந்து புறப்படுவதாம். 2025 மே 11ஆம் திகதி அதிகாலை, கொத்மலை கெரண்டி எல்ல வளைவில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்து பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்கு இரவெல்லாம் ஓடிவந்த பேருந்து அது. இவர்கள் போகவிருப்பதும் அதே வீதிதான். இதற்கு மேல் எழுத எதுவுமில்லை.

மூன்றாவது, சொல் ஒன்று. "அடர்ந்த வனத்தின் மடியில்" என்று அழைப்பிதழ் தொடங்கியது. கொத்மலையில் இவர்கள் அறையின் யன்னலைத் திறந்தால் தெரியப்போவது தேயிலை. அதற்கப்பால் நட்டு வளர்த்த பைன், யூக்கலிப்டஸ். வனம் இருந்தது உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்காக வெட்டினார்கள். 1869இல் காப்பியில் இலைத்துரு நோய் கண்டு, அது மடிந்த பிறகு அதே சரிவுகளில் தேயிலை வைத்தார்கள். கீழே பளபளக்கும் நீரும் இயற்கையான ஏரியல்ல. மகாவலித் துரித அபிவிருத்தித் திட்டத்தில் சுவீடனின் உதவியுடன் 1979இல் தொடங்கி 1985இல் முடிக்கப்பட்ட அணைக்கட்டின் நீர்த்தேக்கம் அது. அதனடியில் கிராமங்கள் கிடக்கின்றன. வரட்சி கடுமையானால் கடதொர விகாரையின் இடிபாடு வெளியே தலைகாட்டும். மனிதர் கைபடாத இடத்தில் மூன்று நாள் தனித்திருக்கப் போகிறோம் என்று நினைப்பவர்களுக்குக் கொத்மலையைக் காட்டிலும் பொருந்தாத இடம் கிடைப்பது கடினம்.

தலைமை ஏற்கப்போகிறவன் கொத்மலையில் வந்து தங்குவது ஒன்றும் புதிதல்ல. தந்தையோடு முரண்பட்ட இளவரசன் துட்டகைமுனு இங்கேதான் மறைந்து வாழ்ந்தான் என்பது மரபு. ஒரு விவசாயியின் வீட்டில் ஒதுங்கி வயலில் வேலை செய்தான் என்று ஊர்க்கதை சொல்லும். எந்த ஆலோசனை நிறுவனமும் அவனுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரித்துக் கொடுத்ததாகக் கேள்வியில்லை.

நமது அதிகாரிகள் தங்கப்போவது பங்களாவில். பழைய பெரிய துரை பங்களா, இப்போது விடுதி. அதில் எனக்கு மறுப்பில்லை. கந்தப்பொளையில் ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரைமார் பங்களாக்கள் 2005இலிருந்து உல்லாச விடுதிகளாயின. இடிந்து போவதைவிட அது நல்லது, நாலு பேருக்கு வேலையும் கிடைக்கிறது. ஆனால் அந்த பங்களா எப்படிப்பட்ட தலைமையின் கோயில் என்பதை யோசிக்க வேண்டாமா? குன்றின் உச்சியில் பெரிய துரை. அவருக்குக் கீழே சின்ன துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி. பள்ளத்தில் லயம். குடையை மடக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே தோட்டத்தில் இருக்கிறார்கள். அந்த விறாந்தையில் நடைபெறவிருக்கும் முதல் வகுப்பின் தலைப்பு: "அதிகார அடுக்குகளைத் தகர்ப்போம்." இதை நான் வெட்டவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

இரண்டாம் நாள் காலை "கொழுந்து பறிக்கும் அனுபவம்". அதிகாரிகள் கூடையைத் தலையில் மாட்டி, இரு அணிகளாகப் பிரிந்து அரை மணி நேரம் பறிப்பார்கள். கூடுதலாகப் பறித்த அணிக்குப் பரிசு. பல தோட்டங்களில் ஒரு பெண் 18 கிலோ, 20 கிலோ கொழுந்து நிறுத்துக் கொடுக்காவிட்டால் அவளுக்கு அன்று "அரைப்பேர்", அதாவது அரைநாட் சம்பளம். 2021இல் ஆயிரம் ரூபாவுக்காகப் பட்ட பாடும், 2024இல் அடிப்படைச் சம்பளத்தை 1350 ரூபாவாக்கப் பட்ட பாடும் வாசகர்கள் அறிந்தவை. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 1550 ரூபாவும், வருகைக்காக அரசு தரும் 200 ரூபாவும் என்று அறிவித்தார்கள். நண்பரின் திட்டத்தில் ஒருவருக்கு ஓர் இரவுக்கென ஒதுக்கியிருந்த தொகை, அந்தக் கணக்கில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க இந்த விளையாட்டு வேண்டாம் என்று எழுதினேன். தாயார் கொழுந்தெடுத்த கையால் சோறு உண்டவர் இதை எப்படி எழுதினார் என்று யோசித்தேன். மேலிடம் கேட்டிருக்கும். கேட்பதைத் தட்டச்சு செய்து கொடுப்பதும் ஒரு வேலைதானே. நானும் ஆசிரியர் கேட்ட தலையங்கங்களை எழுதியவன்தான்.

நள்ளிரவுவரை ஒலிபெருக்கி இசை என்றிருந்ததையும் வெட்டினேன். பள்ளத்தாக்கில் ஒலி கீழேதான் இறங்கும். லயத்தில் விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவர்கள் தூங்கவேண்டும்.

வெட்டிய இடத்தில் எதையாவது வைக்க வேண்டுமே. ஒரு யோசனை எழுதினேன். இந்த நாட்டில் "தலைவர்" என்ற சொல்லுக்கு மிகச் சரியான பொருள் தோட்டத்தில்தான் வழங்குகிறது. தொழிற்சங்கக் கிளையின் தலைவர். அவரும் மற்றவர்களைப் போல மலைக்குப் போகும் தொழிலாளி, அதே சம்பளம். காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, யாருக்கு அரைப்பேர் விழுந்தது, எந்தக் காம்பராவின் கூரை ஒழுகுகிறது, நோயாளியைக் கொண்டுபோக லொறி ஏன் வரவில்லை என்பதையெல்லாம் மனத்தில் வாங்கி, துரையின் அலுவலகத்தில் போய்ப் பேசவேண்டும். திட்டினாலும் வாங்கிக்கொண்டு, கோபத்தோடிருக்கும் இருநூறு பேரிடம் திரும்பி வந்து என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று சொல்லவேண்டும். பதவி உயர்வு கிடையாது. அடுத்த கூட்டத்தில் தூக்கியெறியப்படலாம். எல்லோரும் உத்தமர்கள் அல்லர். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்களின் கையாளாகிவிடுபவர்களும் உண்டு. கொழுந்தெடுப்பவர்கள் பெண்களாயிருக்கத் தலைவர் மட்டும் பெரும்பாலும் ஆணாகவே இருப்பதும் உண்டு. ஆகவே மாதர் தலைவியையும் சேர்த்து அழையுங்கள் என்றேன். இரண்டு மணி நேரம். அவர்கள் தமிழில் பேசட்டும், மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வரும் பயிற்றுநருக்கு மணிக்கு எவ்வளவோ, அவர்களுக்கும் அவ்வளவு கொடுங்கள்.

முந்தாநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். பயிற்சி பெப்ரவரிக்கு மாறிவிட்டது. புறப்பாடு காலை ஆறு மணிக்கு. கொழுந்துப் போட்டி இல்லை. அதை நீக்கியபோது அவருக்கே நிம்மதியாக இருந்ததாம்.

"தலைவர் பேசுகிற விஷயம்?"

"பேச அழைக்கலாம் என்கிறார்கள் ஐயா. ஆனால் கட்டணம் என்று போடமுடியாதாம். ஆளுக்கொரு உலர் உணவுப் பொதி கொடுக்கலாம், படமும் எடுக்கலாம் என்கிறார்கள்."

"அப்படியென்றால் அந்த வரியையும் வெட்டிவிடுங்கள் தம்பி" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. "வெட்ட வேண்டாம் ஐயா. திங்கட்கிழமை இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.