பத்தாம் பசலி

போன மாதம் என் தாத்தாவை என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு அழைத்துப் போனேன். லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரெண்டு வேட்டி வாங்குவதற்காக மலைக்கோட்டை வரை வந்த மனுஷர். வயசு எண்பத்தஞ்சு. வேட்டி எடுக்க அஞ்சு நிமிஷம். பணம் கொடுக்க இருபது நிமிஷம்!

கல்லாவில் இருந்த பையன் க்யூ.ஆர். அட்டையை நீட்டினான். தாத்தா அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ரெண்டு கையாலும் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் சட்டை உள்பாக்கெட்டிலிருந்து நோட்டுக்களை எடுத்து, எச்சில் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். பில்லை வாங்கி, கம்ப்யூட்டர் போட்ட கூட்டலை வாய்விட்டுக் கூட்டிச் சரிபார்த்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறான்.

நான் இவரோடு வந்தவன்தான், ஆனால் இந்த ரகம் இல்லை என்று அவனுக்குத் தெரிவித்தாக வேண்டுமே! "தாத்தா, நீங்க சரியான பத்தாம்பசலி!" என்றேன், கொஞ்சம் உரக்கவே.

பையன் சிரித்துவிட்டான். தாத்தா சிரிக்கவில்லை. பில்லை நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்கு (ஜாகை அங்கேதான்) திரும்பும்போது மெதுவாக ஆரம்பித்தார். "பி.காம். படிச்சிருக்கியே, பத்தாம் பசலி எந்த வருஷம், சொல்லு பார்ப்போம்."

முழித்தேன். ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். தாத்தா கிராமத்துக் கர்ணமாக இருந்தவர். பசலியிலேயே பிறந்து பசலியிலேயே வளர்ந்தவரிடம்தான் நான் பசலியைப் பற்றிப் பேசித் தொலைத்திருக்கிறேன்.

"பசலிங்கறது வரி வசூலுக்கான வருஷம்டா. ஜூலை ஒண்ணாம் தேதி பிறக்கும். இங்கிலீஷ் வருஷத்துல 590-ஐக் கழிச்சுக்கோ. 2024 ஜூலையில பிறந்தது 1434. அக்பர் காலத்துல ஹிஜ்ரி 963-ஐ அப்படியே எடுத்துக்கிட்டு, அறுவடைக்குத் தகுந்த மாதிரி சூரியக் கணக்குக்கு மாத்தினாங்க. பிறக்கும்போதே அதுக்கு 963 வயசு. பத்தாம் பசலின்னு ஒண்ணை எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதினதே இல்லை. இல்லாத வருஷத்துல என்னைப் பிறக்க வெச்சுட்டியே!"

பதில் சொல்ல முடியாமல் ஜன்னல் வழியாக மலைக்கோட்டையைப் பார்த்தேன். பார்த்ததும் இன்னொரு வசவு ஞாபகம் வந்தது. 'சுத்தக் கர்நாடகம்!'

பெங்களூர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம், இது வேறு கர்நாடகம். ஆற்காட்டு நவாபின் ராஜ்யத்துக்கு அந்தப் பேர். அந்த நவாப் பட்டத்துக்காகத்தான் 1751-52-ல் நம்ம மலைக்கோட்டையை முற்றுகை போட்டார்கள். உள்ளே முகமது அலி, வெளியே சந்தா சாகிப். ஆளுக்கொரு பக்கம் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும். 1801-ல் ராஜ்யத்தைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. புது எஜமான் வந்ததும் பழைய எஜமான் காலத்துப் பழக்கமெல்லாம் 'கர்நாடகம்' ஆகியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஒரு காலத்தில் அந்தப் பேருக்காக உயிரையே விட்டிருக்கிறார்கள் சார்!

1886-ல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் இந்தக் 'கர்நாடக ஃபேஷன்' இடம்பெற்றிருக்கிறது. மதராஸில் இங்கிலீஷ் பேசும் பெரியவர்களின் வழக்கமான சலிப்பாம். அதே பதிவில் இன்னொரு வேடிக்கை. மற்ற ராஜதானிக்காரர்கள் மதராஸை 'இருட்டில் கிடக்கும் ஊர்' என்ற அர்த்தத்தில் கேலி செய்வார்களாம்.

ஆக, கல்கத்தாவுக்கு மதராஸ் இருட்டு. சென்னைக்காரருக்குத் திருச்சி பட்டிக்காடு. (என் சென்னை ஷட்டகர் இன்றுவரை, "உங்க ஊர்ல சினிமா தியேட்டர் உண்டா?" என்று கேட்கிறார்.) திருச்சிக்காரருக்கு ஆற்றைத் தாண்டிய ஸ்ரீரங்கம் அம்மாஞ்சிகள் ஊர். அம்மாஞ்சி என்றால் பாவம், மாமா பையன். அவன் எப்படி அசடு ஆனான் என்று மாமாவைத்தான் கேட்க வேண்டும். ஸ்ரீரங்கத்துக்கு லால்குடி கிராமம். லால்குடிக்கு எங்கள் ஊர் காடு. எங்கள் ஊரிலோ மேலத் தெருவுக்குக் கீழத் தெரு!

வெள்ளைக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. நம் சினிமாவில் கதாநாயகியைக் கடத்துகிறாரே வில்லன், அந்த வார்த்தைக்கு ஆதியில் பண்ணையில் உழைக்கிற கிராமத்தான் என்றுதான் அர்த்தம். நாம் மட்டும் என்ன, நகரத்தில் இருப்பவனுக்குத்தானே 'நாகரிகம்' என்று எழுதி வைத்தோம். ஆனால் கோழிக்கடையில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். 'நாட்டு' என்று முன்னால் சேர்த்தால் விலை ஏறிவிடுகிறது. நாட்டுப்புறத்தானுக்குத்தான் இன்னும் விலை ஏறவில்லை.

இதையெல்லாம் தாத்தாவிடம் சொல்லிச் சமாதானம் பண்ணப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே வந்தவர், காவிரிப் பாலத்தில் பஸ் நின்றபோது சொன்னார்.

"நானும் சொல்லியிருக்கேண்டா. திண்ணையில சாய்ஞ்சுக்கிட்டு, சிட்டா கேட்டு வந்தவனையெல்லாம் 'காட்டான், காட்டான்'னு. ஒருத்தன் ஆறு மாசம் நடந்தான். கைநாட்டு. அவன் நிலத்துல பன்னிரண்டு சென்ட் குறையுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். 'போடா காட்டான், உனக்கு என்னடா கணக்குத் தெரியும்'னு வாசல்லயே நிக்க வெச்சுத் திருப்பி அனுப்பினேன். அப்புறம் ஒரு நாள் ராத்திரி சும்மா கூட்டிப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. நான்தான் தப்பாப் போட்டிருந்தேன்."

"திருத்திட்டீங்களா?"

"1390 பசலியில சரி பண்ணிடறேன்னு அவன்கிட்ட சொன்னேன். அதுக்குள்ள..."

அதற்குள் வந்தது எனக்கும் தெரியும். 1980 நவம்பர் 14. எம்.ஜி.ஆர். அரசின் அவசரச் சட்டம். கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒரே நாளில் ஒழிந்தன. தமிழ்நாடு முழுக்க 20,000 பேருக்கு மேல் வேலை போனது. வழக்குப் போட்டார்கள், சட்டம் செல்லும் என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்த இடத்துக்கு வி.ஏ.ஓ. வந்தார். என்னைக் கேட்டால் செய்தது சரிதான். அப்பன் கர்ணம் என்பதற்காக மகனும் கர்ணமா? வீட்டில் இதைச் சொல்லிவிட்டுச் சோறில்லாமல் படுத்த ராத்திரிகள் உண்டு.

"பசலி பாதியில புஸ்தகத்தை வாங்கிட்டுப் போயிட்டாங்க. தப்போடயே போச்சு" என்றார் தாத்தா. "அவன் அடுத்த வருஷம் செத்துப் போனான்."

அம்மா மண்டபம் வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. வழக்கம் போல செல்போனை எடுத்தேன். பட்டா, சிட்டா எல்லாம் இப்போது இதிலேயே வரும் தாத்தா என்று கிராமத்துப் பேரைப் போட்டுக் காண்பித்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார்.

"இதுல 1390 வருமா?"

ராஜகோபுர ஸ்டாப் வரை தேடினேன். வரவில்லை.

"சரி, விடு" என்று சொல்லிவிட்டு, ஜவுளிக் கடை பில்லை எடுத்து இன்னொரு தடவை கூட்ட ஆரம்பித்தார்.