ஆறு மதிப்பெண்ணோடு முடியாத கணக்கு

2023 பிப்ரவரி 21 அன்று நடந்த பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில், செய்யுள் பகுதியின் ஏ3, ஏ4, ஏ5 வினாக்கள் பிழையாக அச்சாயின. அதற்கு ஈடாக, புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட மகாராஷ்டிர மாநிலக் கல்வி வாரியம் ஆறு மதிப்பெண் வழங்க முன்வந்தது. அப்பகுதியில் ஏதேனும் ஒரு வினாவுக்கு விடை எழுதியவர்களோடு, பகுதியையோ பிழையான வினா எண்ணையோ குறிப்பிட்டவர்களும் அதைப் பெறுவார்கள் என்று அறிவித்தது. இம்முடிவை ஆதரிக்கிறோம். திருத்தும் முகாம்களில் இதைத் தாராளமாகவே நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது. வினா இல்லாத இடத்தில் விடையை அளக்க முடியாது.

ஆனால் வினாக்களின் இடத்தில் அச்சாகியிருந்தவை விடைக்குறிப்பும் மதிப்பீட்டாளருக்கான அறிவுறுத்தல்களும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று ஆசிரியர்களாகிய நாம் திருத்தும் முகாமில் நமக்குள் பேசிக்கொள்வதை, 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்திருந்த தேர்வின் தாளில் மாணவர்கள் பார்த்துவிட்டார்கள். அதைக் கசிவு என்று பதறினோம். அந்த மதிப்பெண் பங்கீடு ஏன் மாணவருக்கு மறைபொருளாக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை.

எடுத்துக்காட்டாக, ‘காரணம் தருக’ என்னும் இரண்டு மதிப்பெண் வினாவில், காரணத்துக்கு ஒன்று, அதை விளைவோடு இணைத்துக் காட்டுவதற்கு ஒன்று என்று பிரித்துத் திருத்துகிறோம். மாணவர் காரணத்தை மட்டும் எழுதி ஒன்றை இழக்கிறார். ‘வேறுபடுத்துக’ என்றால் இரண்டையும் ஒரே அடிப்படையில் எதிரெதிரே நிறுத்த வேண்டும்; இரண்டு பத்திகளைத் தனித்தனியே எழுதியவருக்குப் பாதிதான். பாடம் தெரிந்தும் மதிப்பெண் போகிறது. வினாத்தாள் தயாரிப்போரிடமும் ஒருமை இல்லை. ‘ஒப்பிடுக’ என்பதை, புளூமின் கற்றல் நிலை வகைப்பாட்டுக்கான 2001 திருத்தத்தில் ஆண்டர்சனும் கிராத்வோலும் ‘புரிதல்’ நிலையில் வைத்தார்கள். பயிற்சிப் பட்டறைகளில் நம் கையில் திணிக்கப்படும் பட்டியல்கள் பலவற்றில் அது ‘பகுத்தாய்தல்’ நிலையில் இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டங்களும் இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் (ஐபி) பாட வழிகாட்டிகளும் இத்தகைய கட்டளைச் சொற்களுக்கு மாணவரும் அறியும்படி பொருள் சொல்கின்றன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) 2018 நவம்பரில் வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தக் கொள்கை வினைச்சொற்களைப் புளூம் நிலைகளோடு இணைத்தது. அதுவும் வினா எழுதுபவரை நோக்கித்தான் பேசுகிறது. விடை எழுதுபவரிடம் யார் பேசுகிறார்கள்? தனிப்பயிற்சி மையங்கள் பேசுகின்றன, கட்டணம் வாங்கிக்கொண்டு. அதைக் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை, மராத்தி வழியில் படித்து வந்து ஆங்கிலத் தாளை எதிர்கொள்ளும் பிள்ளை, ‘விளக்குக’ என்றால் எவ்வளவு, எதுவரை என்று ஊகித்தே எழுத வேண்டியிருக்கிறது.

அச்சில் பிழை நேர்ந்தால் வாரியம் கூடி ஈடு தருகிறது. சொல்லித் தராத விதியை மீறியதற்காக ஆண்டுதோறும் வெட்டப்படும் மதிப்பெண்ணுக்கு எந்தச் சுற்றறிக்கையும் வருவதில்லை. விடைத்தாளின் நகல் பெறவும் மறுமதிப்பீட்டுக்கும் மாணவரே பணம் கட்டுகிறார். ஆசிரியர்களுக்கு வரும் உத்தரவுகளில் கண்காணிப்பு உண்டு, கெடு உண்டு, எச்சரிக்கை உண்டு. இந்தச் சொற்களை எப்படிக் கற்பிப்பது என்று ஒரு வரி வந்து நாம் பார்த்ததில்லை.

எனவே வாரியத்திடம் கேட்கிறோம்: ஒவ்வொரு பாடத்திட்டத்தோடும் கட்டளைச் சொற்களின் பட்டியலை இணையுங்கள். ஒவ்வொரு சொல்லும் எதிர்பார்க்கும் கூறுகளையும் அவற்றுக்கான மதிப்பெண் பங்கையும் அதில் எழுதுங்கள். வினாத்தாள் தயாரிப்பவரையும் சரிபார்ப்பவரையும் அதற்குக் கட்டுப்படுத்துங்கள். அடுத்த கல்வியாண்டின் முதல் நாளிலேயே அது மாணவர் கையில் இருக்க வேண்டும்.