கவலைக்குக் கணக்கு போதும், பேனிக் அட்டாக்குக்குப் போதாது



"லோன் முடிஞ்சா எல்லாம் சரியாயிடும் சார்." பணத்தைப் பத்திப் பேச வர்ற இளைஞர்கள்கிட்ட இதை அடிக்கடி கேட்கிறேன். எது சரியாகணும்னு கேட்டா, தயங்கித் தயங்கி ஒரு பட்டியல் வரும். திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, கை மரத்துப் போகுது, வேர்த்துக் கொட்டுது, செத்துடுவோமோன்னு பயம் வருது. சிலருக்கு இது இஎம்ஐ தேதி நெருங்கும்போது வருது. சிலருக்கு லோனே கிடையாது, சம்பளம் வந்த அன்னிக்கு பஸ்ல உட்கார்ந்திருக்கும்போது வருது.

நான் ஆடிட்டர், டாக்டர் இல்லை. ஆனா வரவு செலவு பார்க்கிறவன் என்ற முறையில ஒரு கருத்தை உறுதியாச் சொல்லுவேன். பணக்கவலை வேற, பேனிக் அட்டாக் வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறவங்க செலவு பண்ண வேண்டிய இடத்துல மிச்சம் பிடிக்கிறாங்க, மிச்சம் பிடிக்க வேண்டிய இடத்துல செலவு பண்றாங்க.

வித்தியாசம் என்ன?

கவலைக்கு ஒரு காரணம் இருக்கும். கையில வர்றது 40,000, அதுல இஎம்ஐ மட்டும் 22,000 போகுதுன்னா கவலை வரத்தான் செய்யும். அதுக்கு மருந்து கணக்குதான். கிரெடிட் கார்டு பாக்கியை முதல்ல அடைக்கணும், அவசர கால நிதி சேர்க்கணும், புது லோன் வாங்காம இருக்கணும். கணக்கு சீரானா கவலை குறையும்.

பேனிக் அட்டாக் அப்படி இல்லை. ஆபத்தே இல்லாத இடத்துல உடம்பு அபாயச் சங்கு ஊதுற மாதிரி. அட்ரினலின் சுரக்குது, இதயம் வேகமா அடிக்குது, மூச்சு வேகமாகுது. வேகமா மூச்சு விடும்போது ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும். தலைசுத்தலும் விரல் மரத்துப் போறதும் அதனால வர்றதுதான். பொதுவா பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள்ள தணிஞ்சிடும்.

கடன் சுமை இதைத் தூண்டி விடலாம். ஆனா "மறுபடி வந்துடுமோ"ங்கிற பயம் மனசுல உட்கார்ந்துட்டா, கடன் அடைஞ்ச பிறகும் அட்டாக் வரலாம். லோன் முடியட்டும்னு காத்திருக்கிறது சிகிச்சை ஆகாது.

அந்த நேரத்துல என்ன செய்யறது?

முதல் தடவை நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தா, "இது பேனிக்தான்"னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. 108-க்கு போன் பண்ணுங்க, இல்லைன்னா பக்கத்துல இருக்கிற மருத்துவமனைக்குப் போங்க. மாரடைப்பு இல்லைன்னு உறுதி செய்ய ஆகிற செலவு வீண் செலவு இல்லை.

இதயம் நல்லா இருக்கு, இது பேனிக்தான்னு டாக்டர் சொன்ன பிறகு, அடுத்த முறை அதோட சண்டை போடாதீங்க. மூச்சை மெதுவா இழுத்து, இழுத்ததை விட நிதானமா, நீளமா வெளியே விடுங்க. "இது உச்சத்துக்குப் போய் இறங்கிடும்"னு மனசுக்குள்ள சொல்லிக்குங்க. முடிஞ்ச வரை அந்த இடத்தை விட்டு ஓடாதீங்க. இன்னிக்கு பஸ்ஸைத் தவிர்த்தா, நாளைக்கு லிஃப்ட், அடுத்து மீட்டிங் ரூம்னு பட்டியல் நீளும். கடைசியில தினமும் ஆபீஸுக்கு டாக்ஸின்னு அதுவே ஒரு செலவாகிடும்.

பணம் எங்க தப்பாப் போகுது?

ஒண்ணு, திரும்பத் திரும்ப டெஸ்ட். இசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் நார்மல். அடுத்த மாசம் வேற மருத்துவமனையில மறுபடியும் அதே டெஸ்ட். இதுக்கெல்லாம் யோசிக்காம கார்டு தேய்க்கிறவங்க, மனநல மருத்துவரைப் பாருங்கன்னு சொன்னா "அது எதுக்குங்க வீண் செலவு?"ங்கிறாங்க. பேனிக்குக்கு நல்ல சிகிச்சை இருக்கு. சிபிடி என்கிற உளவியல் சிகிச்சை, மாத்திரை, சிலருக்கு ரெண்டும். எது உங்களுக்குன்னு டாக்டர் முடிவு பண்ணட்டும்.

ரெண்டு, மாத்திரையைப் பாதியில நிறுத்துறது. சில மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரம் ஆகும். மாசக் கடைசியில காசு இல்லைன்னு நீங்களா நிறுத்தினா பிரச்சினை திரும்பி வரலாம். விலை அதிகம்னா டாக்டர்கிட்டயே சொல்லி ஜெனரிக் மாத்திரை எழுதித் தரக் கேளுங்க. மக்கள் மருந்தகத்துலயும் முதல்வர் மருந்தகத்துலயும் விலை குறைவு.

மூணு, அட்டாக் வந்த வாரத்துல ராஜினாமா. வேலையை விட்டா கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸும் போயிடும். சிகிச்சை தேவைப்படுற நேரத்துல சம்பளமும் இல்லை, கவரேஜும் இல்லை. வேலையிடம் நிஜமாவே மோசம்னா விடுங்க, தப்பே இல்லை. ஆனா சிகிச்சையை ஆரம்பிச்சு, ஆறு மாசச் செலவுக்குப் பணம் வெச்சுக்கிட்டு விடுங்க.

இன்சூரன்ஸ்ல மறைக்காதீங்க

2017-ம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டத்தோட 21-வது பிரிவு, உடல்நோய்க்கு இருக்கிற அதே அடிப்படையில மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரணும்னு சொல்லுது. 2022 அக்டோபர் 31-க்குள்ள எல்லா பாலிசியிலயும் இதைக் கொண்டு வரணும்னு ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டுச்சு.

இதுல ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு. சாதாரண பாலிசி, மருத்துவமனையில அட்மிட் ஆனாத்தான் பணம் தரும். பேனிக்குக்கு பெரும்பாலும் ஓபி சிகிச்சைதான். உங்க பாலிசியில ஓபி கவர் இருக்கான்னு பாருங்க.

அதை விட முக்கியமான விஷயம், பிரீமியம் ஏறுமேன்னு பயந்து விண்ணப்பப் படிவத்துல இதை மறைக்கிறது. நாளைக்கு வேற ஏதோ ஆபரேஷனுக்கு கிளெய்ம் போடும்போது கூட, "தகவலை மறைச்சீங்க"ன்னு நிராகரிக்க அது வழி கொடுக்கும். உண்மையைச் சொன்னா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான். 300 ரூபாய் பிரீமியம் மிச்சம் பிடிக்கப் போய் 3 லட்சம் கிளெய்மை இழக்கிறது நல்ல கணக்கு இல்லை.

பட்ஜெட்ல ஒரு வரி

மொபைல் ரீசார்ஜுக்கும் ஓடிடிக்கும் மாசா மாசம் ஒதுக்குறோம். "மனநலம்"னு இன்னொரு வரி போடுங்க. தேவைப்படலைன்னா அந்தப் பணம் அவசர கால நிதிக்குப் போகட்டும். ஒதுக்க வழியே இல்லைன்னாலும் கதவு மூடலை.

- 14416, டெலி மானஸ். 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்ச 24 மணி நேர இலவச சேவை. தமிழ்லயே பேசலாம்.
- மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையோட மனநலப் பிரிவு. சென்னையில கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம்.
- மாசச் சம்பளம் 21,000 வரைன்னா இஎஸ்ஐ. சந்தா நிபந்தனைகள் பூர்த்தியானா, டாக்டர் சான்றிதழோட எடுக்கிற லீவுக்கு வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்துல 70% கிடைக்கும்.
- பெரிய கம்பெனின்னா இலவச கவுன்சலிங் திட்டம் இருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் வெளி நிறுவனம்தான் நடத்தும். ரகசியம் காக்கிற விதிகளைப் படிச்சுட்டுப் பேசுங்க.

பல்லு வலிச்சா யாரும் பிஎஃப் பணம் வரட்டும்னு காத்திருக்கிறதில்லை. ஆனா இதுக்கு மட்டும் "இந்த லோன் முடியட்டும், அடுத்த இன்க்ரிமென்ட் வரட்டும்"னு வருஷக்கணக்குல தள்ளிப் போடுறோம். சம்பளத்தைச் சம்பாதிக்கிறது உங்க உடம்பும் மனசும்தான். எஸ்ஐபியை ரெண்டு மாசம் நிறுத்தித்தான் டாக்டரைப் பார்க்க முடியும்னா, தாராளமா நிறுத்துங்க. எஸ்ஐபியை அப்புறம் ஆரம்பிச்சுக்கலாம்.

இந்த வாரம் ரெண்டு வேலை செய்யுங்க. உங்க பாலிசியை எடுத்து மனநல சிகிச்சை, ஓபி கவர் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. 14416-ஐ போன்ல சேவ் பண்ணுங்க. உங்களுக்குத் தேவைப்படலைன்னாலும், பக்கத்து சீட்ல இருக்கிறவருக்குத் தேவைப்படலாம்.