முதுமைக்கும் வேலை உண்டு

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம்மவர் பலரின் இல்லங்களில் இன்று வயது முதிர்ந்த தாய் ஒருவர் இருக்கிறார். கணவர் மறைந்தபின் ஊரிலுள்ள வீட்டைப் பூட்டிவிட்டு மகனுடன் வந்து சேர்ந்தவர். "அம்மாவுக்கு இங்கே என்ன குறை? வேளைக்கு உணவு, உரிய மருந்து எல்லாம் உண்டு. ஒரு துரும்பைக்கூட அவரை எடுத்துப்போட விடுவதில்லை" என்று மகன் பெருமையுடன் கூறுவதைக் கேட்டிருக்கிறோம். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியே இம்மாதம் அன்பர்களுடன் சிந்திக்க விரும்புகிறேன்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 60 வயதை எட்டியோரும் கடந்தோரும் ஏறத்தாழ 10 கோடியே 38 லட்சம் பேர். பெற்றோரைப் பேணுவதை மக்களின் கடமையாக்கி 2007ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றைப் பராமரிப்பு என்று அச்சட்டம் குறிக்கிறது. இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவை நான்கும் குறைவறக் கிடைக்கும் வீட்டிலும் ஒரு மூதாட்டி வாடுவதுண்டு. ஐம்பது ஆண்டுகள் குடும்பத்தை நடத்திய கைகளுக்குத் திடீரென்று வேலை இல்லாமற் போகிறது. அண்டை அயலாரின் மொழி தெரியாமையால் வாய்க்கும் வேலை இல்லாமற் போகிறது. ஊரில் பத்துப் பேருக்குப் புத்தி சொன்னவர், இங்கே காய்கறிக்காரரிடம் விலை கேட்கவும் பேத்தியை அழைக்க வேண்டியிருக்கிறது.

நான் ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. 45 வயதான பெண்களுக்கும் 60 வயதான ஆண்களுக்கும், இடம் இருக்குமாயின், கணிப்பொறி தானாகவே கீழ்ப்படுக்கையை ஒதுக்கிவிடும். வண்டியில் படுக்க இடம் கிடைத்தால் பயணம் நடந்துவிடும். வீட்டில் அது மட்டும் போதுமா?

என் அன்னைக்கு வயது 72. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து நாக்பூருக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதற் கோடையில் 45 டிகிரி வெயிலைக் கண்டு நாங்கள் அஞ்சினோம். அன்னையோ, "இந்த வெயிலை வீணாக்கலாமா?" என்று கேட்டார். ஊரில் இரண்டு நாள் காய வேண்டிய வடாம் இங்கே ஒரே பகலில் சலசலவென்று காய்ந்துவிடுகிறது. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறுவது எப்படி என்று என் மனைவி கவலையுற்றாள். முடிவில், கூழ்ப் பாத்திரத்தை நான் சுமந்து செல்வது, அன்னை முக்காலியில் அமர்ந்து பிழிவது, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவது என்று ஏற்பாடாயிற்று.

அதே மாடியில் அண்டை வீட்டு மராத்தி மூதாட்டி, கோதுமைப் பாலைக் காய்ச்சிக் 'குர்டை' பிழிந்துகொண்டிருந்தார். இருவருக்கும் பொதுவான சொல் ஒன்றுமில்லை. எனினும் இருவர் கையிலும் இருந்தது நாழிதான். காக்கை ஓட்டும் வேலையை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டனர். அன்று தொடங்கிய நட்பு இன்றும் குறையவில்லை.

இதிலிருந்து எனக்குப் புலப்பட்டது ஒன்று. முதியோரின் பளுவை நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். பொறுப்பை அவர்களிடமே விட்டுவைக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பால் கணக்கும் அன்னையின் பொறுப்பே. மாலையில் அவர் சொல்லச் சொல்ல, ஒன்பது வயதுப் பேரன் தமிழ் எழுத்தில் எழுதுகிறான். பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பில்லாத அவனுக்கு அந்தக் கணக்கு நோட்டே பாடப் புத்தகம்.

இவ்வளவும் இருந்தும் "ஊருக்கு எப்போது?" என்று அன்னை மாதம் ஒரு முறையாவது கேட்பதுண்டு. இதை எங்கள்மீது குறையாக நான் கொள்வதில்லை. என்னைச் சார்ந்து வாழும் தாயாதலின் ரயில்வே பாஸில் அவர் பெயரும் உண்டு. ஆண்டுதோறும் தை மாதத்தில் அழைத்துச் செல்கிறோம். வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, வாசலில் கோலமிட்டு, திரும்பும் நாளில் தம் கையாலேயே பூட்டுகிறார். சாவி அவர் இடுப்பிலேயே இருக்கிறது. வெற்று வீடுதானே, விற்றுவிடலாமே என்கின்றனர் உறவினர். அவர் உள்ளவரை அந்தப் பேச்சு வேண்டாம் என்று கூறிவிட்டேன். திரும்பிச் செல்லத் தமக்கும் ஓர் இடம் உண்டு என்ற எண்ணமே அவரை இங்கே நிம்மதியாக வாழவைக்கிறது.

நாமும் ஒருநாள் முதுமையை அடைவோம். அன்று நம்மை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதை நம் பிள்ளைகள் இன்று நம் கூடத்தில் இருந்தபடியே கற்றுக்கொண்டிருக்கின்றனர். ஆகவே அன்பர்களே, நாளைக் காலையில் உங்கள் அன்னையிடம் "மருந்து சாப்பிட்டாயிற்றா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "இன்று என்ன சமைக்கலாம், அம்மா?" என்றும் கேளுங்கள். அவர் சொல்வதையே சமையுங்கள்.